கேபிளின் கழுத்து

2023 ஜூன் 9

இன்றும் அதே கதைதான். ஓர் அரசு மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைகள் பிரிவிலிருந்து மானிட்டர் ரிப்பேர் என்று போன். போய்ப் பார்த்தால் மானிட்டருக்கு ஒன்றுமே இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று அளக்கக் குழந்தையின் பாதத்தில் சுற்றுகிற எஸ்.பி.ஓ.2 புரோப்தான் போயிருக்கிறது. கனெக்டரை ஒட்டிக் கேபிள் வளைகிற இடத்தில் உள்ளே கம்பி அறுந்து, மேலே மைக்ரோபோர் பிளாஸ்டரைச் சுற்றிச் சுற்றிக் கட்டைவிரல் தடிமனுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சிஸ்டர் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் எண் வருகிறது, விட்டால் போய்விடுகிறது.

இ.சி.இ. முடித்துவிட்டு சர்வீஸ் இன்ஜினியராக ஊர் ஊராகத் திரிகிறேன். பார்க்கிற ரிப்பேரில் பாதி கேபிள் ரிப்பேர்தான். நாமே ஒன்று செய்தால் என்ன?

2023 ஜூன் 25

ஞாயிறு. மேசை முழுக்கப் பழைய புரோப்கள், எல்லாவற்றையும் அறுத்துப் போட்டாயிற்று. உள்ளே பெரிதாக எதுவும் கிடையாது. 660 நானோமீட்டரில் சிவப்பு எல்.இ.டி. ஒன்று, 940-இல் அகச்சிவப்பு ஒன்று, எதிரே வெளிச்சத்தை அளக்க ஒரு போட்டோடயோடு. ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும், ஏறாத ரத்தம் சிவப்பை. நாடித்துடிப்போடு ஏறி இறங்குகிற பகுதியை மட்டும் பிரித்து இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் அளவு கிடைத்துவிடும். ஜப்பானில் தகுவோ அவோயாகி 1974-இல் சொன்ன அடிப்படை இன்னும் மாறவில்லை.

சில மாடல்களில் கனெக்டருக்குள் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும். அதன் மதிப்பை வைத்துத்தான் இந்த எல்.இ.டி. சரியாக எந்த அலைநீளம் என்று மானிட்டருக்குத் தெரியும். அதில் ஏதோ ஒன்றைப் போட்டுவைத்தாலும் திரையில் எண் வரும், ஆனால் நம்ப முடியாத எண். மலிவு புரோப் என்றாலே டாக்டர்கள் முகம் சுளிப்பது நியாயம்தான்.

கேபிள் அறுவதற்கு இழுப்பது மட்டும் காரணமில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் மாற்றும்போது ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறார்கள், துடைக்காமல் இருக்கவும் முடியாது. பி.வி.சி. உறையை நெகிழ்வாக வைத்திருக்கிற பொருளை ஸ்பிரிட் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துவிடுகிறது. உறை விறைத்துப்போய்க் கழுத்தில் வெடிக்கிறது. ஆக, சிலிகான் உறை.

2023 ஆகஸ்ட் 14

வேலையை விட்டாயிற்று. பிரைவேட் லிமிடெட் என்றால் குறைந்தது இரண்டு டைரக்டர்கள் வேண்டும். இன்னொருவர் அம்மா! டிஜிட்டல் கையெழுத்து வாங்க போன் கேமராவைப் பார்த்துப் பெயர் சொல்லி வீடியோ எடுக்க வேண்டும் என்றதும், "இருடா" என்று உள்ளே போய் விசேஷத்துக்குக் கட்டுகிற பட்டுப்புடவையில் வந்து நின்றார். எடுத்து முடித்த பிறகு, "இதுக்கு மாசச் சம்பளம் உண்டா?" என்றார். யாருக்கு என்று நானும் கேட்கவில்லை.

2023 அக்டோபர் 20

பழைய கார் வைப்பர் மோட்டாரில் ஒரு வளைப்பு மெஷின் செய்திருக்கிறேன். கேபிளின் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மடக்கிக்கொண்டே இருக்கும். கீழ் வீட்டுக்காரர் ராத்திரியில் ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

2024 ஜனவரி 6

மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்ப நிறுவனமான பைராக்கின் பயோடெக்னாலஜி இக்னிஷன் கிராண்டுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். 50 லட்சம் வரை, 18 மாதம். படித்துப் பார்த்த ஒருவர், "இதில் ஏ.ஐ. எங்கே?" என்றார். இல்லை சார், கேபிள் இருக்கிறது. ஹெல்த்டெக் என்றாலே ஒரு ஆப் இருக்க வேண்டும் என்று யார் சொல்லிவைத்தார்களோ தெரியவில்லை. புரோப் அறுந்து கிடக்கும்போது எந்த ஏ.ஐ.க்கு எந்த டேட்டா போகும்?

2024 மார்ச் 11

வார்டில் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் காமாலைக் குழந்தைக்கு நீல விளக்கு எரிகிறது, அந்த வெளிச்சம் புரோப்பில் விழுந்து எண் தாறுமாறாக ஓடுகிறது. சிஸ்டர் ஒரு துணியை எடுத்துக் காலோடு போர்த்தியதும் அடங்கிவிட்டது. நம் பட்டையிலேயே வெளிச்சம் புகாத அடுக்கு ஒன்று வைத்துவிடலாம்.

குழந்தைகள் நல டாக்டர் இன்னொன்று காட்டினார். பிறந்து ஒரு நாள் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும் அளக்கிறார்கள். இரண்டுக்கும் 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் விடாமல் வந்தால் பிறவி இதயக் கோளாறு இருக்கிறதா என்று எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த 3 சதவீதத்தைப் பிழையில்லாமல் காட்ட வேண்டியது என் புரோப். கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது.

2024 ஜூலை 2

பேப்பர், பேப்பர், பேப்பர். மெடிக்கல் டிவைசஸ் ரூல்ஸ் 2017-படி ஆபத்து குறைந்த ஏ, பி பிரிவுக் கருவிக்கு லைசென்ஸ் தருவது மாநில அதிகாரி, ஆபத்து கூடிய சி, டி பிரிவுக்கு டெல்லி. அப்புறம் மருத்துவக் கருவி செய்பவர்களுக்கான தர விதிமுறை ஐ.எஸ்.ஓ. 13485. யார் சால்டர் வைத்தார்கள், எந்தச் சுருளிலிருந்து கேபிள் வெட்டினார்கள் என்பது வரை பதிவு வேண்டும்.

பெரிய செலவு துல்லியச் சோதனை. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஆக்ஸிஜன் குறைவான காற்றைக் கொடுத்து, ரத்த ஆக்ஸிஜனை 70 சதவீதம் வரை படிப்படியாக இறக்கி, தமனி ரத்தத்தோடு ஒப்பிட வேண்டும். கறுப்புத் தோலில் ஆக்சிமீட்டர்கள் அளவைக் கூட்டிக் காட்டி ஆபத்தை மறைக்கின்றன என்று 2020 டிசம்பரில் மிச்சிகன் டாக்டர்கள் எழுதிய பிறகு இந்தச் சோதனையில் எப்படிப்பட்ட தோல்கள் இருக்கின்றன என்ற கேள்வி பலமாகிவிட்டது. நம் ஊரில் விற்கப்போகிற பொருளுக்கு நம் ஊர்த் தோலில்தான் சோதனை. இதில் காசு மிச்சம் பிடிக்கப்போவதில்லை.

2024 செப்டம்பர் 18

புது மாதிரியை, குழந்தைக்கு மாட்டாமல் கையில் பார்க்க மட்டும், சிஸ்டரிடம் கொடுத்தேன். கழுத்தை நன்றாக மடக்கிப் பார்த்தார், திருப்தி. வெல்குரோவில் பஞ்சு ஒட்டும், வேண்டாம் என்றார். பொத்தான் மாதிரி ஏதாவது யோசிக்க வேண்டும்.

"தம்பி, எல்லாம் சரி, வேற கலர்ல பண்ணுங்க. வெள்ளையா இருந்தா பெரியவங்க வார்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க, திரும்பி வராது."

மஞ்சள் சிலிகானுக்குக் குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு என்று நாளைக்குக் கேட்க வேண்டும்.