தமிழ்நாட்டுச் சமையலுக்கு ஓர் எண்

என் மகன் இரண்டாம் வகுப்பிலும் மகள் ஆறாம் வகுப்பிலும் இருந்த ஆண்டில், திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றின் வழியாக நூலக மற்றும் தகவல் அறிவியல் இளநிலைப் பட்டப் படிப்பில் நான் சேர்ந்தேன். பெங்களூரில் நாங்கள் இருப்பது காக்ஸ் டவுன் பக்கம். பிள்ளைகளின் பள்ளி நூலகத்தில் பெற்றோர் வந்து உதவலாம் என்று அறிவித்திருந்தார்கள். அப்படிப் போனபோதுதான், ஆங்கில நூல்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்த அறையின் மூலையில், ‘இதர மொழிகள்’ என்று எழுதி ஒட்டிய, பூட்டிய அலமாரி ஒன்றில் தமிழ், கன்னட, தெலுங்கு, உருது நூல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்ததைப் பார்த்தேன். பதிவேட்டில் பலவற்றுக்குத் தலைப்புகூட எழுதப்படவில்லை. ‘தமிழ்ப் புத்தகம், கதை’ என்ற அளவில் நிறுத்தியிருந்தார்கள். யாரும் அவற்றைக் கேட்பதில்லை என்று எனக்குச் சொல்லப்பட்டது. இருப்பதே தெரியாத நூலை எந்தக் குழந்தையால் கேட்க முடியும்? அந்தக் கேள்விதான் என்னை இந்தப் படிப்புக்குக் கொண்டுவந்தது.

படிக்கும் நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு படிக்கும் எல்லாப் பெண்களையும் போல, வீடு விழிப்பதற்கு முன்பும் உறங்கிய பின்பும் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளுக்குப் போகும் நாள்களில் என் மாமியார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். “நீ போய்ட்டு வாம்மா, சோறு நான் வடிச்சுக்கறேன்” என்று அவர் சொல்லாதிருந்தால் முதல் பருவத்தோடு நின்றிருப்பேன். வகுப்பில் என்னோடு உட்கார்ந்தவர்களில் கிராமப் பஞ்சாயத்து நூலகங்களில் பணியாற்றும் கன்னடக்காரர்களும் இருந்தார்கள். கர்நாடகத்தில் ‘அறிவு கேந்திரம்’ என்று இப்போது பெயர் மாற்றம் பெற்றிருக்கும் அந்தச் சிறு நூலகங்களை ஒற்றை ஆளாக நடத்துகிறவர்கள் அவர்கள். பாடநூலில் இல்லாத பலவற்றை நான் கற்றது அவர்களிடம்தான்.

என்னை முழுமையாகப் பிடித்துக்கொண்ட பாடம் நூற்பகுப்பு, அதாவது நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுக்கும் முறை. மெல்வில் டியூயி என்ற அமெரிக்க நூலகர் வகுத்த டியூயி தசமப் பகுப்பின் 19-ஆம் பதிப்பு மூன்று தடித்த தொகுதிகளாக வந்தது. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டே செய்முறைத் தேர்வை எழுதலாம். அதனால் தேர்வு எளிது என்று நினைப்பவர்கள் ஒரே ஒரு தலைப்புக்கு எண் கட்டிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுச் சமையல் பற்றிய நூலை எடுத்துக்கொள்வோம். 641.5 என்பது சமையல். ஓர் இடத்தைச் சார்ந்த சமையல் என்றால் அதனுடன் 9 சேர்ந்து 641.59 ஆகிறது. பிறகு முதல் தொகுதியில் உள்ள இட அட்டவணைக்குப் போனால் இந்தியா 54, தென்னிந்தியா 548, தமிழ்நாடு 5482. எல்லாவற்றையும் சேர்த்தால் 641.595482. இதே 5482-தான் தமிழ்நாட்டு வரலாற்றுக்குரிய 954.82-லும், தமிழ்நாட்டுப் பயண நூல்களுக்குரிய 915.482-லும் ஒளிந்திருக்கிறது. ஒருமுறை கண்ணுக்குப் பட்டுவிட்டால், நூலின் முதுகில் ஒட்டியிருக்கும் எண் வெறும் எண்ணாகத் தெரிவதில்லை. வலமிருந்து இடமாகவும் இடமிருந்து வலமாகவும் படிக்கக்கூடிய ஒரு வாக்கியமாகத் தெரிகிறது.

அடுப்படியில் இந்த எண்ணை உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள்: “அம்மா, சாம்பாரும் பிசிபேளே பாத்தும் ஒரே புக்ல இருந்தா எங்கே வைப்பீங்க?” தேர்வாளர்கள் கேட்கும் கேள்வி அது. கர்நாடகத்துக்குரிய இட எண் 5487. ஒரு நூல் இரண்டு பொருள்களைப் பேசினால், எதை விரிவாகப் பேசுகிறதோ அதனிடம் வைக்க வேண்டும். இரண்டையும் சமமாகப் பேசினால் அட்டவணையில் முன்னால் வருவதன் எண்ணைக் கொடுக்க வேண்டும். மூன்றோ அதற்கு மேற்பட்டவையோ இருந்தால் அவற்றையெல்லாம் அடக்கும் பெரிய எண்ணுக்குப் போக வேண்டும். ஆகவே பாதி தமிழகம், பாதி கர்நாடகம் என்றால் 5482. கேரளமும் சேர்ந்துகொண்டால் தென்னிந்தியா, 548. அவள் சிறிது யோசித்துவிட்டு, பிசிபேளே பாத் தேடி வருகிறவர் தமிழ்நாட்டு வரிசையில் ஏன் பார்க்கப்போகிறார் என்றாள். விதி அடுக்குகிறவருக்கு உதவுகிறது, தேடுகிறவரை மறந்துவிடுகிறது என்பது அவள் வாதம். அந்த இடைவெளியை நிரப்பத்தான் நூற்பட்டியல் இருக்கிறது, அலமாரியில் ஓரிடத்தில்தான் நிற்க முடிகிற நூலைப் பட்டியலில் எத்தனை தலைப்பின் கீழும் காட்டலாம் என்று நான் விளக்கினேன். பகுப்பும் பட்டியலும் ஏன் இரு வேறு பாடங்களாக இருக்கின்றன என்பது அந்த விளக்கத்தைச் சொல்லி முடித்தபோது எனக்கே தெளிவாயிற்று.

இந்தத் தொகுதிகளில் என்னை வருத்திய பக்கமும் உண்டு. டியூயி தம் பகுப்பை 1876-இல் அமெரிக்காவில் வெளியிட்டார். இலக்கியத்துக்கு ஒதுக்கிய 800-க்குள் அமெரிக்க இலக்கியத்துக்கு 810, ஆங்கிலத்துக்கு 820, ஜெர்மனுக்கு 830 என்று ஐரோப்பிய மொழிகளுக்குத் தனித்தனி இருக்கைகள் கிடைத்தன. உலகின் மற்ற மொழிகள் எல்லாம் 890 என்ற ஒரே அறைக்குள் நெருக்கி நிறுத்தப்பட்டன. அதனால் தமிழ் இலக்கியம் 894.811 ஆயிற்று. சங்கப் பாடல்கள் எழுந்த காலத்தில் ஆங்கிலம் என்றொரு மொழியே உருவாகியிருக்கவில்லை. ‘இதர மொழிகள்’ என்று எழுதிய அந்தப் பள்ளி அலமாரியின் மூதாதையை 890-இல் கண்டதாகவே எனக்குத் தோன்றியது.

இதற்கு மறுமொழி சொன்னவர் நம்மவர். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். வந்த சில நாள்களிலேயே அந்த வேலையின் தனிமை தாங்காமல் கல்லூரிக்கே திரும்பிவிட விரும்பியவர், பயிற்சிக்காக லண்டன் போன பிறகு மனம் மாறினார். அங்கே ஒரு கடையில், துளையிட்ட உலோகத் துண்டுகளைத் திருகாணிகளால் பூட்டி வெவ்வேறு உருவங்கள் செய்யும் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தபோதுதான், ஒவ்வொரு நூலுக்கும் ஆயத்தமான எண்ணைத் தேடுவதற்குப் பதிலாக, நூலின் பொருளைக் கூறுகளாகப் பிரித்து எண்ணைக் கட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பில் இலக்கியத்துக்கு ஓ என்ற ஆங்கில எழுத்து; மொழி எண்களில் ஆங்கிலத்துக்கு 111, தமிழுக்கு 31. தமிழ் இலக்கியம் என்று சொல்ல ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் போதும். மயிலாடுதுறையில் வளர்ந்த நான், பக்கத்து ஊரான சீர்காழியில் பிறந்த இவரைப் பற்றிப் பள்ளியிலோ கல்லூரியிலோ கேள்விப்பட்டதில்லை. அவர் தம் பிற்காலத்தை வாழ்ந்ததும், 1962-இல் ஆவணமாக்க ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தைத் தொடங்கியதும், 1972-இல் மறைந்ததும் பெங்களூரில்தான். இந்த நகரத்துத் தமிழர்கள் இதை உரிமையோடு நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அவர் 1931-இல் எழுதிய ஐந்து விதிகளை எல்லா மாணவரும் மனப்பாடம் செய்கிறோம். நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும், நூலகம் வளரும் உயிரி. பிள்ளை பெற்றவளாக எனக்கு நான்காம் விதிதான் மிக நெருக்கமானது. குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் வழியில், பத்து நிமிடம் கிடைத்ததே என்று நூலகத்துக்குள் நுழையும் ஒரு தாய்க்கு, அந்தப் பத்து நிமிடத்துக்குள் அவள் தேடும் நூல் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் அவள் மறுபடி வரமாட்டாள்.

பட்டியலாக்கத்தில் தமிழ்ப் பெயர்கள் தனிப் பாடமாகவே நடத்தப்பட வேண்டியவை. மேலை நாட்டுப் பெயர்களில் கடைசியில் நிற்பது குடும்பப் பெயர். பட்டியல் அதன் கீழ்தான் போகும். நம் பெயர்களில் முன்னெழுத்துகள் ஊரையும் தகப்பனாரையும் குறிக்க, கடைசியில் நிற்பது அவரவருக்கு இட்ட பெயர். எஸ். ஆர். ரங்கநாதன் என்பதில் எஸ் சீயாழி, அதாவது சீர்காழி என்ற ஊர், ஆர் தகப்பனார் ராமாமிர்தம். ஆங்கில-அமெரிக்கப் பட்டியல் விதிகளின் இரண்டாம் பதிப்பில், குடும்பப் பெயர் இல்லாத கன்னட, மலையாள, தமிழ், தெலுங்குப் பெயர்களை இட்ட பெயரின் கீழேயே பதிய வேண்டும் என்று தனி விதியே இருக்கிறது. இதை அறியாதவர் முன்னெழுத்தை விரித்து, ஒரே எழுத்தாளரைத் தகப்பனார் பெயரில் ஓரிடத்திலும் சொந்தப் பெயரில் ஓரிடத்திலும் பதிந்துவிட்டால், அவருடைய நூல்கள் பட்டியலில் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

எழுத்துச் சிக்கல் இதைவிடப் பெரியது. ‘கதைகள்’ என்பதை ரோமன் எழுத்தில் மூன்று நூலகர்கள் மூன்று விதமாக எழுதுவார்கள். தமிழில் தட்டச்சு செய்து தேடுகிறவருக்கு மூன்றுமே கிடைக்காது. கணினிப் பட்டியலுக்கு உலகெங்கும் பயன்படும் மார்க் 21 வடிவத்தில், ரோமன் எழுத்தில் பதிந்த தலைப்பை அதன் சொந்த எழுத்திலும் பதிந்து இணைப்பதற்கென்றே 880 என்ற புலம், அதாவது பதிவில் அதற்கென ஒதுக்கிய இடம், இருக்கிறது. நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக உருவாகி 2000-இல் பயன்பாட்டுக்கு வந்த கோஹா என்ற இலவச மென்பொருளிலும் தமிழ் எழுத்தை நேரடியாக உள்ளிடலாம். கருவி இல்லை என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது. நூலைப் பிரித்து, தலைப்புப் பக்கத்தைத் தமிழில் படித்து, அதைப் பிழையின்றிப் பதிய ஓர் ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

பள்ளியின் ஒப்புதலோடு அந்த அலமாரியின் தமிழ் நூல்களை என் பயிற்சிக்கென்று எடுத்துக்கொண்டு, தலைப்பு, ஆசிரியர், ஓவியர், எந்த வயதுக்கு ஏற்றது என்ற விவரங்களோடு தமிழிலேயே பதிந்து வருகிறேன். பூட்டை எடுத்துவிட்டார்கள். தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தயங்கும் பிள்ளைகள் பெங்களூரில் மிகுதி என்பதால், படம் பெரிதாகவும் எழுத்து குறைவாகவும் உள்ள நூல்களைக் கீழ்த்தட்டில், அட்டை முன்பக்கம் தெரியும்படி வைத்தோம். அவற்றை முதலில் இரவல் எடுத்தவர்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறு பிள்ளைகள். சிலர் பாட்டிக்கு வாசித்துக் காட்டுவதற்காக வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

டியூயி வரிசையில் தமிழ் 894.811, மலையாளம் 894.812, கன்னடம் 894.814. ஒரே தட்டில் அருகருகே நிற்க வேண்டிய இந்த நூல்களில், இந்த நகரத்தில் நூலகராகப் பணியாற்ற விரும்பும் எனக்கு முதல் வகையை மட்டுமே படிக்கத் தெரியும் என்பது போதாது. பேச்சுக் கன்னடம் கடைத்தெருவில் வந்துவிட்டது. எழுத்தை இப்போது மகனின் பாடநூலை வைத்துக் கற்கிறேன், மாலையில் அவனே வாசிக்கச் சொல்லிக் கேட்கிறான். டிசம்பர் தேர்வு முடிந்ததும் அலமாரியின் கன்னட நூல்களை, வகுப்புத் தோழி ஒருவர் உடனிருந்து சரிபார்க்க, பதியத் தொடங்குவதாகப் பள்ளியிடம் சொல்லியிருக்கிறேன். உருது நூல்களுக்கு அந்த மொழி படிக்கத் தெரிந்த பெற்றோர் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.