எல்லோரும் 5-க்கு டிக் அடித்த என் எம்.பி.ஏ. ப்ராஜெக்ட்

எம்.பி.ஏ. கடைசி செமஸ்டரில் ‘நீடித்த வளர்ச்சி இலக்குகளும் (ஐ.நா. வகுத்த 17 இலக்குகள்) நிறுவனங்களின் செயல்பாடும்’ என்று தலைப்பு எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதே தலைப்போடு முதல் ரிவ்யூவில் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

திருப்பூர் பக்கத்து ஆள் என்பதால் பின்னலாடை கம்பெனிகளை எடுத்தேன். வழக்கமான 1 முதல் 5 வரை கொஸ்டினயர் (5 என்றால் முழுச் சம்மதம்), 40 கம்பெனிகள். ‘உங்கள் நிறுவனம் சுற்றுச்சூழலில் அக்கறை காட்டுகிறதா?’ என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? கிட்டத்தட்ட எல்லோரும் 5. லாபம் கூடியதா என்ற கேள்விக்கும் அதே ஆள், அதே பேனா, 4 அல்லது 5. புள்ளிவிவர மென்பொருளான எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் போட்டதும் கோரிலேஷன், அதாவது இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும் தொடர்பு, அம்சமாக வந்தது. கைடு கேட்டது ஒரே கேள்விதான்: “லாபம் வர்ற கம்பெனிதானே சோலார் போடும்? சோலார் போட்டதால லாபம்னு எப்படிச் சொல்றீங்க?”

பதில் இல்லை. வாடக், கிரேவ்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1997-இலேயே, சமூக அக்கறைக்கும் லாபத்துக்கும் உள்ள உறவு இரண்டு பக்கமும் ஓடும் என்று காட்டிவிட்டார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இதே உறவைப் பற்றிய 2,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஃபிரீடேயும் மற்ற இருவரும் தொகுத்த 2015 கட்டுரையை எல்லோரும் மேற்கோள் காட்டுவோம். அதில் வரும் 90 சதவீத ஆய்வுகள் என்பது ‘லாபத்துக்குப் பாதகம் இல்லை’ என்ற கணக்கு. ‘லாபம் கூடியது’ என்ற கணக்கு அல்ல. என் முதல் டிராஃப்டில் நானும் அதைத் தப்பாகத்தான் எழுதியிருந்தேன்.

சரி என்று கொஸ்டினயரை மூட்டை கட்டிவிட்டு ஒரு சாயப்பட்டறைக்குப் போனேன். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஊரறிந்த கதை. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகக் கூடாது என்ற ஏற்பாட்டோடுதான் திரும்பத் திறக்க முடிந்தது. மேனேஜர் இரண்டு கண்ணாடி பாட்டில்களை மேஜைமேல் வைத்தார். ஒன்றில் கருநீலமாகச் சாயத்தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தாண்டி வந்த தண்ணீர். “தம்பி, ஆசப்பட்டுப் போட்டோம்னு எழுதிராதீங்க. கோர்ட்டு பூட்டுச்சு, போட்டோம். இப்ப அதையே காட்டித்தான் ஆர்டர் கேக்குறோம்” என்றார்.

என் ப்ராஜெக்ட் உண்மையில் அங்கேதான் தொடங்கியது. அக்கறை இருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு பில்களைக் கேட்டேன். ஈ.பி. பில், டேங்கர் தண்ணீர் பில், சாயத்துக்குப் போடும் உப்பு வாங்கிய பில், பாய்லர் விறகுக் கணக்கு. எல்லாவற்றையும் சாயமேற்றிய துணியின் கிலோவால் வகுத்தேன். இதை விட்டுவிடாதீர்கள், உற்பத்தி குறைந்த வருஷத்தில் மின்சாரம் மிச்சமானதுபோல் தெரிந்து ஏமாற்றும். மீட்ட தண்ணீரும் உப்புக் கரைசலும் திரும்பச் சாயத்துக்கே போவதால் அந்தச் செலவுகள் இறங்கின. ஆனால் ஆர்.ஓ.வும், மிஞ்சிய கழிவுநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் எவாப்பரேட்டரும் மின்சாரத்தையும் விறகையும் தின்றன. கூட்டிப் பார்த்தால் கிலோவுக்கு ஆகும் செலவு ஏறித்தான் இருந்தது. ‘இலக்கை ஏற்றால் லாபம்’ என்ற என் ஹைப்போதிசிஸ் அன்றைக்கே செத்தது.

பட்டறைக் கணக்கு கிடைக்காதவர்கள் பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிகளை எடுக்கலாம். 2022-23-இலிருந்து, சந்தை மதிப்பில் முதல் 1,000 கம்பெனிகளுக்கு, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி, பொறுப்பும் நீடித்த வளர்ச்சியும் பற்றிய பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையைக் கட்டாயமாக்கியிருக்கிறது, ஆற்றல், தண்ணீர், கழிவு எல்லாம் எண்களாகவே இருக்கும். 17 இலக்குகளையும் கட்டி இழுக்க வேண்டாம். நான் 6-ஐயும் (தண்ணீர், சுகாதாரம்) 12-ஐயும் (பொறுப்பான உற்பத்தி, நுகர்வு) மட்டும் வைத்துக்கொண்டேன். லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குக் கொடுக்கும் சி.எஸ்.ஆர். செலவை இதோடு குழப்பினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தொலைந்தீர்கள். அது சம்பாதித்ததில் கொடுப்பது, இது சம்பாதிக்கிற விதம்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் (எக்ஸ்டர்னல்) என் அட்டவணையைப் பார்த்துவிட்டு, “செலவு ஏறியிருக்கே, அப்ப நஷ்டமா?” என்றார். “இது இல்லாட்டி பட்டறையே திறந்திருக்காது சார். அந்த வருமானத்தையும் சேர்த்துத்தான் பார்க்கணும்” என்றேன். தலையாட்டினார். அப்புறம், “எவாப்பரேட்டர்ல கடைசியா மிஞ்சுற கலப்பு உப்பு எங்க போகுது?” என்று கேட்டார்.

தகரக் கொட்டகையில் கூரை வரை அடுக்கியிருந்த அந்த மூட்டைகளைப் பார்த்திருந்தேன். என் அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.