காலியாகக் கிடந்த நாற்காலியும் காலியாக இல்லாத பணியிடமும்

என் மகளின் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டில் ஆசிரியரின் கையெழுத்து கடைசியாக விழுந்தது 2024 ஜூன் 28-ஆம் தேதி. கணமொழிப் பாடத்தில் வென்படம் ஒன்றை வரைந்து, இரண்டு வட்டங்களும் வெட்டிக்கொள்ளும் பகுதியை நிழலிட்டிருந்தாள். அதன் கீழே சிவப்பு மையில் ஒரு சரிக்குறி, தேதி, சுருக்கொப்பம். அதற்குப் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை அந்த நோட்டில் ஒரு கணக்குகூட இல்லை. நடுவில் நான்கு தாள்கள் கிழிக்கப்பட்டிருந்தன. கேட்டபோது, "கணக்கு பீரியட்ல வேற என்னம்மா பண்றது, புள்ளி வச்சுக் கட்டம் கட்டி விளையாடினோம்" என்றாள்.

எங்கள் ஊரில் இருப்பது ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள அரசு உயர்நிலைப் பள்ளி. ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்துக் கணக்குக்கு ஒரே ஒரு பட்டதாரி ஆசிரியர். அவர் திறமையானவர், பிள்ளைகளுக்குப் பிடித்தவர், கணினியிலும் கைதேர்ந்தவர். கடைசியாகச் சொன்ன அந்தத் தகுதிதான் எங்களுக்கு வினையாக வந்தது. மாணவர் விவரம், சீருடை அளவு, வங்கிக் கணக்கு என்று எமிஸ் என்கிற பள்ளிக்கல்வித் துறையின் இணையதளத்தில் பதிவேற்ற வேண்டியவை குவிந்துகிடந்ததால், அவரைக் கல்வி அலுவலகம் ஒன்றுக்கு மாற்றுப்பணியில் அனுப்பிவிட்டார்கள். பத்தாம் வகுப்புக்கு மட்டும் அறிவியல் ஆசிரியை தன் பாடவேளைகளை விட்டுக்கொடுத்துக் கணக்கு நடத்தினார். மற்ற நான்கு வகுப்புகளுக்கும் கணக்குப் பாடவேளையில் யார் ஓய்வாக இருக்கிறார்களோ அவர்கள் வந்து உட்காருவார்கள்.

தலைமையாசிரியர் பணியிடமும் அப்போது காலிதான். அதற்கு முந்தைய மே மாத இறுதியில் அவர் ஓய்வுபெற்றுவிட்டதால் தமிழாசிரியர் பொறுப்பு வகித்தார். தமிழகத்தில் அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 2020-இல் 59 ஆகவும் 2021-இல் 60 ஆகவும் உயர்த்தினார்கள். அதனால் தள்ளிப்போன ஓய்வுகள் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஓர் ஆசிரியர் எந்த மாதம் ஓய்வுபெறுவார் என்பது அவர் வேலையில் சேர்ந்த அன்றே பணிப்பதிவேட்டில் தெரிந்துவிடுகிற சங்கதி. அதை எதிர்பாராமல் வந்த பற்றாக்குறை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்த ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மறுகட்டமைப்புச் செய்தபோது என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வழக்கறிஞர் ஒருவரிடம் தட்டச்சராக இருப்பவள் என்பதால் மனு எழுதத் தெரியும் என்ற நம்பிக்கையாக இருக்கலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அமைகிற குழு அது. எங்கள் பகுதியில் பெரும்பாலும் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதற்கான குழுவாகத்தான் இருந்துவந்தது. முதல் கூட்டத்திலேயே கணித ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். பொறுப்புத் தலைமையாசிரியர், "நான் ஏற்கெனவே ரெண்டு தடவை எழுதிக் கொடுத்துட்டேம்மா, நீங்க போய்ச் சொன்னா ஒருவேளை எடுபடும்" என்றார்.

நானும் இன்னும் இரண்டு தாய்மார்களும் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போனோம். பிரிவு எழுத்தர் மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் பள்ளியின் எண்ணைத் தட்டி, திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். கணிதம், அனுமதிக்கப்பட்ட பணியிடம் ஒன்று, பணிபுரிபவர் ஒருவர், காலியிடம் பூஜ்யம். ஆள் அங்கே இல்லையே என்றதற்கு, "சம்பளம் உங்க பள்ளிக்கூடத்துக் கணக்குல போகுதும்மா. அப்போ அவர் அங்கதான் இருக்கார்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, அவருடைய உலகத்தில் அதுதான் உண்மை. அடுத்த ஒன்பது மாதங்கள் நாங்கள் மோதிக்கொண்டிருந்தது அந்தப் பூஜ்யத்தோடுதான்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனோம். வாசலில் மண்ணெண்ணெய் கொண்டுவந்திருக்கிறோமா என்று காவலர்கள் பைகளைத் துழாவி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்த பிறகே உள்ளே விட்டார்கள். மனுவைப் பதிந்து எண் கொடுத்தார்கள். அன்று மாலையே கைபேசிக்குக் குறுஞ்செய்தியும் வந்தது. பிறகு அந்த மனு போன பாதையைத்தான் சொல்ல வேண்டும். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து முதன்மைக் கல்வி அலுவலருக்கு, அங்கிருந்து மாவட்டக் கல்வி அலுவலருக்கு, அங்கிருந்து 'உரிய அறிக்கை அனுப்புக' என்ற குறிப்போடு எங்கள் பள்ளியின் பொறுப்புத் தலைமையாசிரியருக்கே வந்து சேர்ந்தது. எந்த மேசையிலிருந்து புறப்பட்டதோ அதே மேசையில். ஆசிரியர் மாற்றுப்பணியில் இருக்கிறார் என்று அவர் எழுதி அனுப்ப, மூன்று வாரம் கழித்து எனக்குப் பதில் வந்தது: "மேற்படி பள்ளியில் கணித ஆசிரியர் பணியிடம் காலியாக இல்லை என்ற விவரம் தெரிவிக்கப்படுகிறது. மனு முடித்துவைக்கப்படுகிறது."

இதற்கிடையில் ஒரு வழி இருப்பதாக நினைத்தோம். காலிப் பணியிடங்களில் மேலாண்மைக் குழு மூலமாகவே தற்காலிக ஆசிரியரை நியமித்துக்கொள்ளும் ஏற்பாடு 2022-இல் வந்தது; 2024-இல் அதன்படி பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 15,000 ரூபாய். பக்கத்து ஊரில் கணிதத்தில் பி.எட். முடித்து, 2017-இல் ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேர்ச்சி பெற்ற பெண் ஒருவர் இருந்தார். தகுதித் தேர்வில் தேறியவர்களும் வேலைக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று 2018-இல் 149-ஆம் எண் அரசாணை வந்தது. 2024 பிப்ரவரியில் நடந்த அந்தத் தேர்வில் அவருக்கு மதிப்பெண் போதவில்லை. எங்கள் பள்ளிக்கு வர உடனே சம்மதித்தார். ஆனால் தற்காலிக நியமனம் 'காலிப் பணியிடத்துக்கு' மட்டுமே. மறுபடியும் அதே பூஜ்யம்.

ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நாமே சம்பளம் கொடுத்துவிடலாம் என்று சில பெற்றோர் சொன்னார்கள். அரசுப் பள்ளிக்குள் பணம் வசூலித்தால் நாளைக்குத் தன் தலையில்தான் விடியும் என்று பொறுப்புத் தலைமையாசிரியர் மறுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கடைசியில் ஊர்ப்புற நூலகத்தில் மாலை நேரத்தில் வகுப்பு எடுக்க ஏற்பாடு செய்தோம். முப்பது பிள்ளைகள் வந்தார்கள். மாலையில் ஆடு ஓட்டிவர வேண்டிய பிள்ளைகளும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பெண் பிள்ளைகளும் வரவில்லை. பள்ளிக்கூடம் என்ற ஒன்று எதற்காகப் பகலில், எல்லாருக்குமாக நடக்கிறது என்பது அந்த நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வசதி இருந்த சில குடும்பங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றிக்கொண்டன. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடத்தை நிர்ணயிக்கிறார்கள். ஆசிரியர் இல்லாததால் பிள்ளைகள் போக, பிள்ளைகள் போனதால் பணியிடம் உபரி என்று கணக்குக் காட்ட ஏதுவாகிவிடுகிறது.

அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றினோம். அதனால் நேரடிப் பலன் இல்லை என்றாலும், பிறகு எழுதிய எல்லா மனுக்களிலும் இணைக்க ஒரு முத்திரையிட்ட தாள் கிடைத்தது.

உண்மையில் காரியம் நகரத் தொடங்கியது தகவல் உரிமைச் சட்டத்தால்தான். என் முதல் வரைவில் 'எங்கள் ஆசிரியரை ஏன் அனுப்பினீர்கள், எப்போது திருப்பி அனுப்புவீர்கள்' என்று கேட்டிருந்தேன். என் வக்கீல் ஐயா அதைப் படித்துவிட்டுச் சிவப்பு மையால் அடித்தார். 'ஏன்' என்று கேட்டால் அது தகவல் அல்ல, விளக்கம் என்று தள்ளிவிடுவார்கள். இருக்கிற காகிதத்தின் நகலைக் கேள் என்றார். அதன்படி மூன்றே கேட்டேன்: மாற்றுப்பணி ஆணையின் நகல், ஜூலை முதல் எங்கள் பள்ளியின் ஆசிரியர் வருகைப்பதிவேட்டு நகல், பள்ளிக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்களைக் காட்டும் ஆணையின் நகல். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பதிவஞ்சலில் அனுப்பினேன். முப்பது நாளில் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு போட்ட பன்னிரண்டாம் நாள் தடித்த உறை ஒன்று வந்தது.

வருகைப்பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக, கட்டம் கட்டமாக, ஜூலை முதல் தேதியிலிருந்து 'மாற்றுப்பணி' என்று சிவப்பு மையில் குறுக்காக எழுதியிருந்தார்கள். ஆணை ஐந்தே வரி. அதில் இடம்பெற்றிருந்த சொற்றொடர்: 'மறு உத்தரவு வரும் வரை'. எத்தனை நாள் என்று இல்லை, அவருடைய வகுப்புகளை யார் எடுப்பது என்றும் இல்லை. அந்த ஆணைக்குக் கீழே கையெழுத்திட்டவர்கூட அதற்குள் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போயிருந்தார்.

பத்துச் சதவீதத்துக்கு மேல் காலியிடம் இருக்கக் கூடாது என்கிற, கல்வி உரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவை மேற்கோள் காட்டலாம் என்று நான் சொன்னேன். காலியே இல்லை என்பவரிடம் அதைக் காட்டி என்ன பயன் என்று கேட்டார் ஐயா. அவர் எடுத்துக் கொடுத்தவை வேறு இரண்டு. ஒன்று, அதே சட்டத்தின் அட்டவணை: ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அறிவியல்–கணிதத்துக்கு, சமூக அறிவியலுக்கு, மொழிக்கு என்று வகுப்புக்குக் குறைந்தது ஒரு ஆசிரியராவது இருந்தாக வேண்டும். இன்னொன்று 27-ஆம் பிரிவு: பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர, கல்வி சாராத வேறு எந்தப் பணிக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது. மாணவர்களின் வங்கிக் கணக்கு எண்ணைத் தட்டச்சு செய்வது இவற்றில் எதில் சேரும் என்று கேட்டு, ஆணையின் நகலோடும் பதிவேட்டின் நகலோடும் டிசம்பரில் மூன்று அலுவலகங்களுக்குப் பதிவஞ்சல் அனுப்பினோம். அது 'கல்வி சார்ந்த நிர்வாகப் பணி' என்று ஓர் இடத்திலிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலை எழுதியவரின் சாமர்த்தியத்தை ஒரு தட்டச்சராக நான் மெச்சத்தான் வேண்டும்.

ஆனாலும் ஜனவரியில் ஒரு விளைவு இருந்தது. எங்கள் ஆசிரியர் திரும்பவில்லை. அவருக்குப் பதிலாக வேறொரு பள்ளியின் கணித ஆசிரியரை, செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் எங்கள் பள்ளிக்கு மாற்றுப்பணியில் அனுப்பினார்கள். இரண்டு பேருந்து மாறி வருவார். வந்த முதல் வாரம் ஊரே மகிழ்ந்தது. இரண்டாம் வாரம் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. "அக்கா, எங்க சாரை நீங்க மனு போட்டுக் கேட்டு வாங்கிட்டீங்கன்னு சொல்றாங்க. எங்க பிள்ளைங்க செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் சும்மா உக்காந்திருக்குதுங்க" என்றார். நாங்கள் கேட்டது எங்கள் ஆசிரியரை என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். பிறகு சிறிது நேரம் இருவரும் எதுவும் பேசவில்லை. என் மனுக்களின் நகல்களையும் ஐயா சொன்ன பிரிவுகளையும் அன்றிரவே அவருக்கு அனுப்பிவைத்தேன்.

இந்த ஒன்பது மாதங்களில் நான் சந்தித்தவர்களில் கெட்டவர் என்று ஒருவரையும் சொல்ல முடியாது. எழுத்தர் தன் திரையை நம்பினார், அலுவலர் தன் பதிவேற்றக் கெடுவுக்குப் பயந்தார். மேலே கேட்டால் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் மத்திய அரசு 2024–25-க்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயைத் தரவில்லை என்பார்கள். அது உண்மைதான், தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்பதைக் காட்டி அதை நிறுத்திவைத்தது அநியாயம் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் எங்கள் கணக்கு ஆசிரியருக்கு மாநில அரசின் சம்பளம் மாதந்தோறும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. எங்கள் விஷயத்தில் இல்லாமல் போனது பணம் அல்ல.

2025-இல் பொது மாறுதல் கலந்தாய்வு நடந்தது. எங்கள் ஆசிரியர் அதில் தன் சொந்த ஊருக்குப் பக்கத்தில் ஓர் இடம் எடுத்துக்கொண்டார். போகும் முன் பள்ளிக்கு வந்து, பிள்ளைகளிடம் வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனாராம். அவர் விடுவிக்கப்பட்ட சில நாட்களில் நான் மறுபடியும் அந்த மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். அதே எழுத்தர், அதே திரை. கணிதம், அனுமதிக்கப்பட்ட பணியிடம் ஒன்று, பணிபுரிபவர் பூஜ்யம், காலியிடம் ஒன்று. "இப்போ காலின்னு வந்துடுச்சும்மா" என்று அவரே சந்தோஷமாகச் சொன்னார். பள்ளியில் ஆசிரியர் இல்லை என்ற செய்தியைக் கேட்டு, வீட்டுக்கு வரும் வழியில் நான் கால் கிலோ மிக்சர் வாங்கி வந்தேன் என்பதை இப்போது எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

குழுவைக் கூட்டித் தீர்மானம் போட்டு, பக்கத்து ஊர்ப் பெண்ணைத் தற்காலிக ஆசிரியையாக நியமித்தோம். நிரந்தர ஆசிரியர் வரும் வரை அல்லது கல்வியாண்டு முடியும் வரை அவர் இருப்பார். பத்தாம் வகுப்பில் முதல் பாடம் 'உறவுகளும் சார்புகளும்'. அதை எடுத்துக்கொண்டு போனவர், பிள்ளைகளிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தாராம். அன்று மாலை என் மகளின் புது நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் வென்படம் ஒன்று இருந்தது. கீழே சிவப்பு மையில் சரிக்குறி, தேதி, வேறொரு சுருக்கொப்பம்.