ஆறு கோடுகள்

எங்கள் வீட்டுச் சமையலறைக் காலண்டரில் இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. நீல மையில் இருப்பது என் மனைவி எழுதும் பால் கணக்கு, அரை லிட்டருக்கு ஒரு கோடு. சிவப்பு மையில் இருப்பது என்னுடையது. தொடங்கிய முதல் மாதம், பால்காரர் பணம் வாங்க வந்தபோது எட்டாவது படிக்கும் என் பையன் இரண்டையும் சேர்த்து எண்ணிச் சொல்லிவிட்டான். அந்த மனிதர், "இவ்வளவு பால் என் மாடுகள் கறக்கவே இல்லையே தம்பி" என்று திகைத்து நின்றார்.

நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 47. குடிக்கத் தொடங்கி இருபது வருடங்கள், அதில் கடைசி எட்டு வருடங்கள் தினமும் இரவு ஒரு குவார்ட்டர். சாலையில் விழுந்து கிடந்ததில்லை, வேலைக்கு மட்டம் போட்டதில்லை. ஆகவே நான் குடிகாரன் இல்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். அதற்கு வலுவான சாட்சியும் இருந்தது. ஒவ்வொரு கார்த்திகை முதல் தேதியும் மாலை போடுவேன். 41 நாள் ஒரு சொட்டு தொடமாட்டேன், கை நடுங்காது. யாராவது குடியைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்த 41 நாளை எடுத்து முன்னால் வைப்பேன். மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய அன்று இரவு எங்கே நின்றுகொண்டிருப்பேன் என்பதைச் சொல்லமாட்டேன்.

2024 பிப்ரவரியில் சர்க்கரைக்குப் பார்க்கப் போனேன். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை தப்பித்தது, கல்லீரல் மாட்டிக்கொண்டது. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஜிஜிடி என்ற அளவு 118 என்று கூடுதலாக வந்திருந்தது. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு.

"குடிப்பீர்களா?" என்று கேட்டார் மருத்துவர். என்னைவிடப் பத்து வயது இளையவராக இருப்பார்.

"கொஞ்சம்தான் மேடம்."

"கொஞ்சம் என்றால்?"

"ஒரு குவார்ட்டர்."

அவர் ஒரு துண்டுத் தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டிலிலேயே 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அப்படியானால் அதற்குள் 77 மில்லி சுத்தமான ஆல்கஹால். எடையில் சுமார் 61 கிராம். பத்து கிராமை ஓர் அளவு என்று வைத்துக்கொண்டால் ஆறு. "ஒரு நாளைக்கு ஆறு, மாதத்துக்கு 180. இது கொஞ்சமா?" இருபது வருடமாக அடுத்தவர்களின் டீசல் கணக்கைச் சரிபார்க்கிறவன் நான். பாட்டிலில் எழுதியிருந்த எண்ணை ஒருநாளும் படித்ததில்லை.

பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாளிலிருந்து பத்துக் கேள்விகள் கேட்டார். எட்டு மதிப்பெண் வந்தாலே கவனிக்க வேண்டிய நிலை, இருபது வந்தால் குடிக்கு அடிமையாகியிருக்க வாய்ப்புண்டு என்றார். எனக்கு 17. நான் சும்மா இருப்பேனா? 41 நாள் கதையை எடுத்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "42ஆம் நாள் என்ன செய்வீர்கள்?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

இந்தக் கல்லீரலுக்கு முழுதாக நிறுத்துவதே நல்லது என்றுதான் அவர் சொன்னார். படிப்படியாகக் குறைக்கிறேன் என்று கேட்டுக்கொண்டது நான். ஒப்புக்கொண்டு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். என்றைக்காவது காலையில் கை நடுங்கினாலோ காரணமில்லாமல் வியர்த்தாலோ தானாக நிறுத்தக் கூடாது, உடனே வர வேண்டும் என்றார். அது ஏன் என்று எனக்கு விளக்கத் தேவையில்லை. என் பெரியப்பா மகன் நாளெல்லாம் குடிப்பவர். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு ஒரே நாளில் நிறுத்தினார். இரண்டாம் நாள் வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வைராக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. பழகிய உடம்புக்குத் திடீரென்று மதுவை மறுத்தால் அது உயிருக்கே ஆபத்தாகலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

குறைப்பது என்று முடிவு செய்து, மருத்துவர் சொன்ன ஓர் அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு என்று காலண்டரில் போடத் தொடங்கிய பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. கடையில் நான் வாங்கும் சரக்கில் குவார்ட்டரைவிடச் சிறிய பாட்டிலே கிடையாது. 2023இல் 90 மில்லிக் காகிதப் பெட்டியில் விற்கலாமா என்று பேச்சு எழுந்தபோது ஊரே கண்டித்தது. நானும் சேர்ந்துதான் கண்டித்தேன். இப்போது அது கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது.

அதனால் 'கட்டிங்'குக்கு ஆள் தேடினேன். ஒரு குவார்ட்டருக்கு இரண்டு பேர் பாதிப் பாதி காசு போட்டுப் பகிர்ந்துகொள்வதற்குக் கடை வாசலில் வழங்கும் பெயர் அது. முன்பின் தெரியாதவர்கள்கூடச் சேர்ந்துகொள்வார்கள். எனக்கு ஒரு சுமைதூக்கும் பெரியவர் அமைந்தார். தங்கமான மனிதர். ஆளுக்கு 90 மில்லி முடிந்ததும் பேத்தியின் காதுகுத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பாதிக் கதையில் எழுந்துபோவது மரியாதையா? இன்னொரு குவார்ட்டர் வாங்கினோம். அந்த வாரம் முழுக்க ஆறு கோடுகளுக்குக் குறையவே இல்லை.

பிறகு பீருக்கு மாறினேன். பீர் மதுவே இல்லை என்று நம்மில் பலருக்கு ஒரு எண்ணம். 650 மில்லி பாட்டில், 8 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். நான்கு கோடு. இரண்டு பாட்டில் குடித்தால் எட்டு. அந்த யோசனையும் போயிற்று.

கடைசியில் கைகொடுத்தது இருமல் மருந்து பாட்டிலோடு வரும் பிளாஸ்டிக் மூடி. வாரத்தில் மூன்று நாள் மட்டும் வாங்குவது, வீட்டில் 120 மில்லி அளந்து எடுத்துக்கொள்வது, நான்கு கோடு. மிச்சத்தை எடுத்து வைக்கும்படி மனைவியிடம் கொடுத்தேன். "உங்கள் பாட்டிலுக்குக் காவல் இருக்க என்னால் முடியாது" என்று சொல்லிவிட்டாள். அது நியாயம். எனவே பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினேன். முதல் தடவை கை வரவேயில்லை. ஐம்பது ரூபாய்ச் சரக்கு கண் முன்னால் ஓடிப் போகிறது! குடித்துத் தொலைத்த லட்சங்களுக்கு வலிக்காத மனது இந்த ஐம்பது ரூபாய்க்கு வலித்ததை என்னவென்று சொல்வது?

முதல் இரண்டு வாரம் குடிக்காத இரவுகளில் தூக்கம் வரவில்லை. வரும்போது விடியற்காலை ஆகியிருக்கும். இனிப்பின் மேல் வெறி வந்தது. கடலை மிட்டாயைப் பாக்கெட் பாக்கெட்டாகத் தின்றேன்.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் காலண்டர் அழகாக இருந்தது. நான்கு, நான்கு, நான்கு. ஜூன் மாதம் அலுவலகத்தில் ஒரு டிரைவரின் டீசல் கணக்கைப் பிடித்தேன். மலை ஏறிய டிரிப்புக்கும் சமவெளியில் ஓடிய டிரிப்புக்கும் ஒரே மைலேஜ் எழுதியிருந்தார். ஒரே மாதிரி வருகிற எண் பொய் எண் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அவரை உட்காரவைத்துத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போனேன். நிமிர்ந்தால் காலண்டர்.

அந்த மாதத்தில் ஐந்து இரவுகள் மிச்சத்தை ஊற்றவில்லை. இன்னும் மூன்று நாள், வாங்கக் கூடாத கிழமையில் டிரைவர்களோடு உட்கார்ந்திருந்தேன். காலண்டரில் அதெல்லாம் இல்லை. எல்லாம் நான்கு. பார்க்க யாரும் இல்லாத கணக்கு, மனைவி ஒருநாளும் எண்ணியதில்லை. அதிலும் கைவைத்திருக்கிறேன். அன்று இரவு நினைவுக்கு வந்தவரை திருத்தினேன். 48 என்றிருந்தது 76 ஆயிற்று. காலையில் மனைவி பால் கோடு போட வந்தாள், அடித்துத் திருத்தியதைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அந்த டிரைவரிடம் மறுநாள் கொஞ்சம் தணிந்து பேசினேன்.

திருத்திய தாளை மருத்துவரிடம் காட்டினேன். அவர் கோடுகளை எண்ணவில்லை. கூடிய எட்டு நாட்களும் என்ன நாட்கள் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் எட்டில் ஆறு, கணக்கு முடிக்கும் நெருக்கடியில் சாப்பாடு தள்ளிப்போன நாட்கள். வெறும் வயிறு எட்டு மணிக்குக் கேட்டது சோற்றை, நான் கொடுத்தது வேறு. அதிலிருந்து ஏழரை மணிக்கு, வேலை எத்தனை மிச்சமிருந்தாலும், டிபன் டப்பாவைத் திறந்துவிடுகிறேன். இரண்டு சப்பாத்தி போதும். சாப்பிட்ட பிறகு கடைப்பக்கம் போகக் கால் அவ்வளவாகத் துடிப்பதில்லை. எனக்குப் பலித்த வைத்தியங்களில் இதுதான் முதலாவது. இவ்வளவு அற்பமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

விருந்துகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கெடாவெட்டுக்குப் போனால் பங்காளிகள், "மாத்திரை சாப்பிடுகிறாயா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் விட்டுவிடுவார்கள். குறைத்திருக்கிறேன் என்றால் விடமாட்டார்கள். பி1 சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள், ஆகவே அது பொய்யும் இல்லை. தீபாவளிக்கு மட்டும் தோற்றேன். பன்னிரண்டு கோடு, ஒன்றையும் மறைக்கவில்லை.

செப்டம்பரில் ஜிஜிடி 52. கார்த்திகையில் வழக்கம்போல் மாலை போட்டேன். திரும்பி வந்து கழற்றிய இரவு, அந்த 42ஆம் நாள், மூடியால் அளந்து 60 மில்லி. இரண்டு கோடு.

இந்தத் தை மாதம் பொங்கலுக்கு ஆட்கள் வந்ததில் பால் அதிகம். பால்காரர் வந்தபோது பையன் காலண்டர் முன்னால் நின்று நீலத்தை மட்டும் எண்ணி 43 என்று சொன்னான். அவர் போன பிறகு சிவப்பின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, "அப்பா, இருபத்தாறு" என்றான்.