மணி கட்டக் கூடாத ஆலயத்தில் ஒரு நாடகம்

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் ரயில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் நாரிச் வந்துவிடுகிறது. (Norwich என்ற பெயரில் இருக்கும் டபிள்யூவை அந்த ஊரில் யாரும் உச்சரிப்பதில்லை.) 1600-ஆம் ஆண்டில் ஒருவர் லண்டனிலிருந்து இந்த ஊர் வரைக்கும் ஆடிக்கொண்டே வந்தார். வில் கெம்ப், ஷேக்ஸ்பியரின் குழுவில் இருந்த நகைச்சுவை நடிகர். காலில் சலங்கை கட்டி, ஓய்வெடுத்த நாட்களைக் கழித்தால் ஒன்பது நாள் ஆட்டம். ஊருக்குள் கூட்டம் நெருக்கியதால் புனித யோவான் ஆலயத்தின் சுற்றுச்சுவரைத் தாண்டிக் குதித்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அந்த ஆலயம் இன்னும் நிற்கிறது. அதை ஒட்டித்தான் நான் தேடிப் போன மேடர்மார்க்கெட் நாடக அரங்கம்.

போகும் வழியே அழகு. ஆலயக் கோபுரத்தின் அடியைக் குடைந்துகொண்டு ஒரு சந்து போகிறது. சுவரெல்லாம் சக்கிமுக்கிக் கல். உடைத்த முகம் வெளியே தெரியும்படி பதித்திருக்கிறார்கள். விரலால் தடவிப் பார்த்தேன். நடுவில் கண்ணாடி போல வழவழப்பு, ஓரத்தில் கத்தி போலக் கூர்மை. கெம்ப் இந்த ஊர்ச் சுவரொன்றைத் தாண்டினார் என்றால் கொஞ்சம் துணிச்சல்காரர்தான். மேடர் என்பது நம் மஞ்சிட்டியின் இனம். வேரிலிருந்து சிவப்புச் சாயம் எடுப்பார்கள். நாரிச் நெசவுக்குப் பேர்போன ஊர். அந்தச் சாயச் சரக்கு விற்ற சந்தையின் பெயர்தான் இடத்துக்கு ஒட்டிக்கொண்டது.

அரங்கைப் பார்த்தால் ஆலயம் என்றே தெரியாது. அதற்குக் காரணம் உண்டு. இது 1794-இல் கத்தோலிக்கர்கள் கட்டிய சிற்றாலயம். அதற்கு மூன்று வருடம் முன்புதான், 1791-இல், அவர்கள் வெளிப்படையாக வழிபடலாம் என்று இங்கிலாந்தில் சட்டம் வந்தது. ஆனால் கோபுரம் வைக்கக் கூடாது, மணி கட்டக் கூடாது. அதனால்தான் சந்துக்குள் இப்படி அடக்கமாக ஒரு கட்டடம். பிற்பாடு அது பேக்கிங் பவுடர் தயாரிக்கும் இடமாக இருந்தது, மளிகைக் கிடங்காக இருந்தது, இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் கைக்கும் போனது.

1921-இல் நியூஜென்ட் மங்க் என்ற இயக்குநர் இதை எடுத்து முதலாம் எலிசபெத் காலத்து நாடகக் கொட்டகை போல மாற்றினார். படச்சட்டம் போன்ற முகப்பு கிடையாது. மேடை பார்வையாளர் பக்கம் நீண்டு வரும், பின்னால் மரத்தூண்கள், அதற்கு மேலே ஒரு மாடம். ஷேக்ஸ்பியர் காலத்து அரங்கின் மாதிரியில் லண்டனில் கட்டிய இன்றைய குளோப் அரங்கம் திறந்தது 1997-இல். அதற்கு எழுபத்தைந்து வருடம் முன்பே இந்தச் சந்துக்குள் இப்படி ஒரு மேடை இருந்திருக்கிறது! ஷேக்ஸ்பியரின் 37 நாடகங்களையும் 1933-க்குள் மங்க் இயக்கி முடித்துவிட்டார்.

இதைவிட என்னைத் தொட்டது வேறொன்று. அவருடைய நடிகர்கள் யாரும் தொழில்முறை நடிகர்கள் அல்லர். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வந்த உள்ளூர்க்காரர்கள். நிகழ்ச்சித் தாளில் அவர்கள் பெயரையும் அச்சிட்டதில்லை. நாடகம்தான் முக்கியம் என்பது மங்கின் கொள்கை. பத்து வருடம் அலுவலகம் விட்டு நேராக ஒத்திகைக்கு ஓடியவன் நான். பெயர் வராது என்று தெரிந்தும் பக்கம் பக்கமாக வசனம் மனப்பாடம் செய்வது எப்பேர்ப்பட்ட அர்ப்பணிப்பு என்று எனக்குத் தெரியும்.

அன்று மாலை ஒரு நகைச்சுவை நாடகம். சுமார் 300 பேர் உட்காரலாம். நான் கடைசி வரிசைக்குச் சற்று முன்னால் இருந்தேன். இரண்டாம் காட்சியில் வயதான ஒரு பெண் பாத்திரம் தனக்குள் பேசிக்கொள்கிறது. குரலை உயர்த்தவே இல்லை, கிட்டத்தட்ட முணுமுணுப்பு. அவர் மூச்சு இழுத்தது முதற்கொண்டு கேட்டது. ஒலிவாங்கி எதுவும் என் கண்ணில் படவில்லை. பிரசங்கம் கடைசி ஆள் வரை கேட்க வேண்டும் என்று கட்டிய கூடம் அல்லவா! பெரிய அரங்குகளில் எத்தனையோ முறை ஒலிபெருக்கி இரைச்சலில் வசனத்தைத் தவறவிட்டிருக்கிறேன். இங்கே ஒரு சொல்கூடச் சிந்தவில்லை.

இடைவேளையில் தேநீர் கொடுத்தவரிடம் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, தான் நடிக்கும் முறை அடுத்த மாதம் வருகிறது, இந்த மாதம் தேநீர் முறை என்றார்.

நாடகம் முடிந்ததும் உடனே கிளம்ப மனம் வரவில்லை. சந்தில் கொஞ்ச நேரம் நின்றேன். கூட்டம் கலைந்த பிறகு பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு அந்த முணுமுணுத்த பெண்மணி வந்தார். தடித்த கோட்டு, தோளில் துணிப்பை, காதோரம் துடைபடாத பவுடர். ரொம்ப நன்றாக இருந்தது அம்மா என்று அவர்கள் மொழியில் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டு, காலையில் சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும் என்று கோபுரத்தின் அடி வழியாக விறுவிறுவென்று நடந்தார்.