தண்ணி வந்துடுச்சா

14 ஜூலை 2024
அப்பா இரண்டு வாய் கஞ்சிதான் குடித்தார். "மேட்டூர்ல எத்தனை அடி?" மூன்று தடவை கேட்டுவிட்டார்.

17 ஜூலை
ராத்திரி தூக்கமே இல்லை. மண்வெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கச் சொன்னார், வைத்தேன். அவர் கை பட்டுப் பட்டுப் பிடி வழுவழுவென்று ஆகியிருக்கிறது.

19 ஜூலை
அண்ணன் வந்தார். "நினைவோட இருக்கும்போதே பாகத்த முடிச்சிடலாம்" என்கிறார். அதுவும் அப்பா தலைமாட்டில் நின்றுகொண்டு! ஒரு காலத்தில் இந்தத் தெருவில் அப்பாவைக் கேட்காமல் யாரும் கன்றுக்குட்டியைக்கூட விற்றதில்லை. அண்ணனிடம் நான் பேசவில்லை. காபி மட்டும் கொடுத்தேன்.

22 ஜூலை
தப்புப் பண்ணிவிட்டேன். கேட்டுக்கொண்டே இருக்கிறாரே என்று, "வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சுப்பா" என்றேன். தலையைத் தூக்கி என் காலையே பார்த்தார். "சேறு எங்கே?" என்றார். அப்புறம் சாயங்காலம்வரை பேசவில்லை. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12 தாண்டி நாற்பது நாள். 2012-ல் செப்டம்பர்வரை திறக்கவில்லை. அந்த வருஷமும் இப்படித்தான், திண்ணையை விட்டு இறங்காமல் தெற்கே வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது வாயில் வெற்றிலை இருந்தது, குரல் இருந்தது. "அணை கட்டி முடிச்ச 1934-லதான் நானும் பொறந்தேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். இவரிடம் போய் பொய் சொன்னேனே.

23 ஜூலை
பேசினார். "எத்தனை அடி?"

28 ஜூலை
திறந்துவிட்டார்கள்! டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். கண்ணைத் திறக்கவில்லை. காதருகே போய்ச் சொன்னேன். ம்ம் என்றார், அவ்வளவுதான்.

30 ஜூலை
120 அடி. அணை நிரம்பிவிட்டது. இன்று அவர் கேட்கவே இல்லை. கேட்க மாட்டாரா என்று நாள் முழுக்கக் கட்டிலையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

3 ஆகஸ்ட்
ஆடிப்பெருக்கு. சித்ரான்னம் எதுவும் செய்யவில்லை. மஞ்சள் கயிறு மட்டும் அப்பா கையில் கட்டினேன். ஒரு சுற்றுக்கே இழுத்துப் பிடித்துக் கட்டுகிற கை. இன்று மூன்று சுற்று வந்தது.

4 ஆகஸ்ட்
கஞ்சி இறங்கவில்லை. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன்.

7 ஆகஸ்ட்
விடியற்காலை நாலு மணிக்கு வாய்க்காலில் சலசலப்பு. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். சருகும் நுரையுமாக, கலங்கலாக, கணுக்கால் அளவுதான் வந்துகொண்டிருக்கிறது. இறங்கி நின்றேன். அப்பா தூங்குகிறார். காலைக் கழுவாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.