ஏழரை சதவீதமும் மூன்று பள்ளிச் சான்றுகளும்

அக்கா மகளுக்குப் பொறியியல் சேர்க்கை ஒருவழியாக முடிந்தது. அரசுக் கல்லூரி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, கட்டணம் முழுக்க அரசு பார்த்துக்கொள்கிறது. சந்தோஷம்தான். ஆனால் அந்த ஒதுக்கீட்டுக்காக ஒரே ஒரு காகிதம் வாங்கப் பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் எரிகிறது. அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கிறவர்களாவது தப்பித்துக்கொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

ஒதுக்கீடு பற்றித் தெரிந்திருக்கும். 2020-இல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என்று விரிந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். படித்ததற்குத் தலைமை ஆசிரியரிடம் சான்று வாங்க வேண்டும். நகரத்துப் பிள்ளை ஏழு வருடமும் ஒரே மேல்நிலைப் பள்ளியில் இருந்திருக்கும். அதற்கு ஒரு காகிதம், ஒரு கையெழுத்து. எங்கள் ஊர் ஜவ்வாது மலை அடிவாரம். ஊரில் எட்டு வரைதான், ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஒன்பதும் பத்தும் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளி. பிளஸ் ஒன்னில் கணக்கு குரூப் வேண்டுமென்றால் பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும். ஆக மூன்று பள்ளி, மூன்று தலைமை ஆசிரியர், மூன்று முத்திரை. ஊரில் வகுப்புகள் எந்த அளவுக்குக் குறைவோ அந்த அளவுக்குக் காகிதம் கூடுகிறது. யாரை மனதில் வைத்துச் சலுகை கொண்டுவந்தார்களோ அவர்களுக்குத்தான் அலைச்சலும் அதிகம்.

டவுன் பள்ளியில் கேட்ட அன்றே கொடுத்துவிட்டார்கள். உயர்நிலைப் பள்ளியிலும் பிரச்சினை இல்லை. மாட்டிக்கொண்டது நடுநிலைப் பள்ளியில்.

பிளஸ் டூ முடிவு மே மாதம் வருகிறது, கலந்தாய்வு விண்ணப்பமும் அதையொட்டித் திறக்கிறது. அப்போது பள்ளிக்கூடம் விடுமுறையில் பூட்டிக் கிடக்கும். பெரிய பள்ளி என்றால் அலுவலகத்தில் யாராவது இருப்பார்கள். நடுநிலைப் பள்ளிக்கு அலுவலகமும் தலைமை ஆசிரியர்தான், எழுத்தரும் அவர்தான். அவர் வீடு வெளியூரில். போன் செய்தால், “பதிவேடு பீரோவுல இருக்கு சார், ஸ்கூல் திறக்கட்டும்” என்றார். 2025-இல் பள்ளி திறந்தது ஜூன் 2, விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜூன் 6. நடுவில் இருந்த நாட்களைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

திறந்த அன்று காலையிலேயே போய் நின்றோம். டீச்சர் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். பெயர் சரி, பிறந்த தேதி சரி. முன்னெழுத்துதான் சரியில்லை. மார்க் ஷீட்டில் ‘சி.’ என்று இருக்கிறது, பதிவேட்டில் ‘ச.’ என்று இருந்தது. என்றைக்கோ யாரோ அவசரத்தில் எழுதும்போது மேலே ஒரு வளைவு விட்டுப்போயிருக்கிறது. டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டார். “பேர் ஒத்துப்போகலையே. நாளைக்கு ஆடிட்ல என்னைத்தான் கேப்பாங்க. பிஇஓ ஆபீஸ்ல திருத்தத்துக்கு ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க.”

அவர் பயத்தில் தப்பில்லை. அந்த பிஇஓ ஆபீஸில், அதாவது வட்டாரக் கல்வி அலுவலகத்தில் நடந்ததைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. மனுவை வாங்கிப் பார்த்த எழுத்தர், முன்னெழுத்துத் திருத்தமெல்லாம் பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கும்போதே செய்திருக்க வேண்டும், இப்போது மாவட்ட அலுவலகம்தான் என்றார். திருத்தம் வேண்டாம், இருப்பதை வைத்துச் சான்று கொடுக்கலாம் என்றாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். “அதை வாய்ல சொல்ல முடியாது சார், எழுதிக் கேக்கச் சொல்லுங்க.” சரி, எழுதிக் கேட்டால் பதில் எப்போது வரும்? அதற்கு அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. மாவட்ட அலுவலகத்தில் சம்பந்தப்பட்ட செக்‌ஷன் அலுவலர் மீட்டிங்கில் இருந்தார். நாங்கள் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும் வரை மீட்டிங் முடியவில்லை.

வழி காட்டியது டவுன் பள்ளியின் கணக்கு ஆசிரியர். “எமிஸ் நம்பரைச் சொல்லிப் பாருங்க” என்றார், அவ்வளவுதான். எமிஸ் என்பது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தகவல் தளம்; பள்ளி மாறினாலும் அதில் பிள்ளையின் எண் மாறாது. மறுபடி நடுநிலைப் பள்ளிக்குப் போய் எண்ணைக் கொடுத்தோம். டீச்சர் எமிஸில் தேடினார். அதே பிள்ளை, அதே பிறந்த தேதி, அதே அப்பா பெயர். கூடவே ஆங்கிலத்தில் நிரப்பிய விண்ணப்பத்தையும் நீட்டினேன்: ‘ச’வும் ‘சி’யும் அதில் எஸ் தான். டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சான்றில் எமிஸ் எண்ணைப் பெரிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையை இரண்டு முறை அழுத்திக் குத்தினார். கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் அது.

அதனால் சொல்கிறேன், பிளஸ் டூ தேர்வு முடிந்து பள்ளிகள் விடுமுறை விடுவதற்குள், ஏப்ரலிலேயே பழைய பள்ளிகளுக்குப் போய்விடுங்கள். முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்தச் சான்றுக்கு மதிப்பெண் தேவையே இல்லை.

அடுத்தது இ-சேவை மையம். 7.5 கிடைக்காமல் பொதுவில் சீட் எடுக்க நேர்ந்தால் கட்டணத்தில் கொஞ்சம் குறையட்டும் என்று முதல் பட்டதாரி சான்றுக்கும் போட்டு வைத்தோம். பதிவு செய்தவர் தன் செல் நம்பரையே கொடுத்துவிட்டார். விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்ட செய்தி அவருக்குப் போயிருக்கிறது, எங்களுக்கு வரவில்லை. உறுதிமொழியில் அக்காவின் கையெழுத்து தெளிவாக ஸ்கேன் ஆகவில்லை, அவ்வளவுதான் காரணம். கலந்தாய்வுப் பதிவிலும் பல பிரவுசிங் சென்டர்களில் இதே கதைதான். உங்கள் நம்பர், உங்கள் மெயில், பாஸ்வேர்டை அங்கேயே உட்கார்ந்து நீங்களே போடுங்கள். இதில் ரோஷம் பார்க்காமல் சண்டை போடலாம்.

காரணம் வெறும் ஓடிபி இல்லை. விருப்பப் பட்டியல் நிரப்பும் நாட்களில் சில சென்டர்களில் தனியார் கல்லூரி ஏஜென்ட்டுகள் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் பக்கத்து மேஜையில் ஒரு பையனுக்கு, அச்சடித்து வைத்திருந்த தாளைப் பார்த்து வரிசையாகக் கல்லூரிக் குறியீட்டு எண்களைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் இரண்டு வரியும் ஒரே நிர்வாகத்தின் கல்லூரிகள். பையனின் அப்பா நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். பட்டியலில் மேலே இருப்பதில் இடம் கிடைத்துவிட்டால் கம்ப்யூட்டர் கீழே பார்க்காது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நான் சொன்னேன், ஏஜென்ட் முறைத்தார்.

எங்கள் பிள்ளை பட்டியலை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு தானே நிரப்பினாள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய இரண்டே நாள்தான் தருகிறார்கள், அந்த இரண்டு நாளும் சிக்னல் உள்ள இடத்தில் இருங்கள். மற்றபடி கலந்தாய்வு சுமுகம்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பிளஸ் டூவில் இயற்பியலுக்கு ஆசிரியர் வந்ததே அரையாண்டுக்குப் பிறகுதான். 200-க்கு அவள் எடுத்த கட்-ஆஃப், பொதுப் பட்டியலில் இந்தக் கல்லூரியை எட்டியிருக்காது. 7.5-க்கெனத் தனித் தரவரிசை இருந்ததால்தான் கிடைத்தது. அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்து அதே ஆசிரியருக்காகக் காத்திருந்த தோழிக்கு அதுவும் இல்லை. அந்தப் பெண் ஆறு முதல் எட்டு வரை படித்தது அரசு உதவி பெறும் பள்ளி; அவள் ஊரில் இருந்தது அது ஒன்றுதான். கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு 7.5 உண்டு, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைக்குக் கிடையாது. இதைச் சரிபார்ப்பு மையத்தில் தெரிந்துகொண்டு அவர்கள் திரும்பிப் போனார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை ஐந்தாம் வகுப்பில் இருக்கிறது என்றால், அடுத்த பள்ளி உதவி பெறும் பள்ளியா அரசுப் பள்ளியா என்று போர்டைப் படித்துப் பார்த்துச் சேருங்கள்.

எங்கள் பிள்ளையின் தம்பி அதே நடுநிலைப் பள்ளியில் இப்போது எட்டாம் வகுப்பு. டீச்சரிடம் கேட்டுப் பதிவேட்டில் அவன் பக்கத்தையும் பார்த்தோம். அங்கேயும் ‘ச.’ தான். படிக்கும்போதே திருத்த வேண்டும் என்றார்களே, அதே அலுவலகத்தில் அதே எழுத்தரிடம் மனு கொடுத்து, தேதியோடு ரசீதும் வாங்கியிருக்கிறேன்.